தாத்தா கட்சியா, அப்பா கட்சியா?

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. கணவர் ஒரு கட்சி, மாமனார் அதற்கு எதிர்க்கட்சி. மாலையானால் டிவியில் விவாதம், அது முடிந்தால் இவர்கள் விவாதம். போன வாரம் மகள் தன் நெருங்கிய தோழியிடம் "உங்க அப்பா திருட்டுக் கட்சி" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் குழந்தை இப்போது இவளோடு விளையாட வருவதில்லை. நேற்று படுக்கும்போது "அவங்க ஜெயிச்சா நாம வீட்டை விட்டுப் போயிடணுமாம்மா?" என்று கேட்டாள். சின்னவன் பிரச்சார வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான், ராத்திரியும் எழுந்து அழுகிறான். இதற்கு நடுவே, மகளைக் கட்சிக் கூட்டத்துக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொல்கிறார் கணவர். தேர்தல் முடியும்வரை குழந்தைகள் காதில் அரசியலே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா? இந்த இரண்டு பேரையும் எப்படி அடக்குவது? வாக்களிக்கப் போகும்போது குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் மகள் படுக்கையில் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு ராத்திரியே பதில் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"அவங்க வந்தா நாடே அழிஞ்சுடும்", "நாம மூட்டை கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றெல்லாம் பெரியவர்கள் பேசுவது உண்டு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது கோபத்தில் வரும் பேச்சு என்று தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. அவள் மனதில் உண்மையிலேயே ஒரு மூட்டை இருக்கிறது. அதில் எந்தப் பொம்மையை வைப்பது, தம்பியை யார் தூக்கிக்கொள்வது, தாத்தா நம்மோடு வருவாரா என்பதுவரைகூட அவள் யோசித்திருப்பாள். இந்த வயதுக் குழந்தைகள் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள்; மிகைப்படுத்திப் பேசுவதைப் பிரித்தறியும் பக்குவம் மெல்ல மெல்லத்தான் வரும். அதனால் அவள் கேட்டது குறும்புக் கேள்வி இல்லை, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, தூங்கு" என்று சொல்லி முடிக்கக்கூடியதும் இல்லை.

அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு நேராகவே சொல்லுங்கள்: "யார் ஜெயிச்சாலும் நாம இதே வீட்லதான் இருப்போம். நீ இதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவ. அப்பா, அம்மா, தாத்தா, தம்பி எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்போம்." அப்புறம், "இப்படி நடக்கும்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்கும்போது "யார் சொன்னது, அப்பாவா தாத்தாவா?" என்று விசாரணையாக்க வேண்டாம். தாத்தாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்ற பயமும் அவளுக்குச் சேர்ந்துகொள்ளும். அதே கேள்வியை நாளையும் மறுநாளும் அவள் கேட்கக்கூடும். சலிக்காமல் அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். குழந்தைகள் புதுப் பதில் வேண்டும் என்று திரும்பக் கேட்பதில்லை, பழைய பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

சரி, குழந்தைகள் காதில் அரசியலே விழாமல் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. முடியவும் முடியாது. சுவரில் போஸ்டர், தெருவில் வண்டி, பள்ளி வேனில் பேச்சு. வெளியே எல்லோரும் பேசுகிற ஒன்றை வீட்டில் மட்டும் மறைத்தால், அது ஏதோ பயங்கரமான விஷயம் போலிருக்கிறது என்றுதான் குழந்தை நினைத்துக்கொள்ளும். எந்தக் கட்சியின் கொள்கை என்ன என்பது ஆறு வயதில் மனதில் தங்காது. அப்பா குரல் எப்போது உயர்ந்தது, தாத்தா ஏன் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துபோனார், அம்மா ஏன் சமையலறையில் பேசாமல் நின்றாள் என்பது அத்தனையும் தங்கும். ஆகவே அரசியலைத் தடுக்க மெனக்கெடுவதைவிட, வீட்டுப் பெரியவர்கள் அதைப் பேசுகிற விதத்தை மாற்ற மெனக்கெடலாம்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-ல் வெளியிட்டது. ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளுக்குக் கோடைக்கால வகுப்பு ஒன்றில் நீலம், மஞ்சள் என இரண்டு நிறங்களில் பனியன் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தை வைத்தே குழந்தைகளைப் பிரித்து உட்கார வைத்தார்கள், நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மற்ற வகுப்புகளில் நிறம் இருந்தது, ஆனால் ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆசிரியர் நிறத்தைப் பயன்படுத்திய வகுப்பில் "எங்க நிறத்துப் பிள்ளைகள்தான் நல்லவங்க" என்ற எண்ணம் குழந்தைகளிடம் வளர்ந்தது. கண்டுகொள்ளாத வகுப்பில் அப்படி வளரவில்லை. இரண்டு இடத்திலும் பனியன் ஒன்றுதான். பெரியவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. "உங்க அப்பா திருட்டுக் கட்சி" என்று உங்கள் மகள் சொன்னது அவள் யோசித்துச் சொன்னது இல்லை. வீட்டில் பெரியவர்கள் மனிதர்களை எப்படிப் பிரித்துப் பேசுகிறார்களோ, அதே அளவுகோலை எடுத்துப்போய்த் தன் தோழி மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு விஷயத்தை இரண்டு பேர் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வரலாம், இரண்டு பேருமே நல்லவர்களாகவும் இருக்கலாம் என்பது குழந்தைகளுக்கு ஏழு, எட்டு வயதில்தான் தெளிவாகப் பிடிபடத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒருவர் சரி என்றால் இன்னொருவர் தப்பு. தப்பு என்றால் கெட்டவர். அந்தக் கணக்கில் தாத்தா எங்கே வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா திட்டுகிற கட்சிதானே தாத்தாவின் கட்சி? அந்தச் சின்ன மனது இந்தச் சிக்கலோடுதான் தினமும் இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி உட்கார்கிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு ஏழு வயதுப் பையன் நினைவுக்கு வருகிறான். சாப்பிட மறுக்கிறான் என்று கூட்டி வந்திருந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் முந்தானையை இழுத்து, என்னைக் கண்ணால் காட்டி, மெதுவாகக் கேட்டான்: "இவங்க நம்ம ஆளா?" யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்கிறான் என்றார் அந்த அம்மா. வீட்டில் எல்லோருக்கும் அது சிரிப்பாக இருந்திருக்கிறது. அவனுக்கு அது சிரிப்பு இல்லை. யார் முன்னால் என்ன பேசலாம், யாரை நம்பலாம் என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இது அன்பு என்ற பெயரில் நடக்கிறது. விருந்தாளி வந்தால் குழந்தையை நடுவில் நிறுத்தி, "நீ எந்தக் கட்சி? சொல்லு, சொல்லு" என்று கேட்பது. கோஷம் போட வைத்துக் கைதட்டுவது, அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது. கோஷம் போட்டால் கைதட்டல் கிடைக்கும் என்பதைத் தவிர குழந்தைக்கு இதில் வேறெதுவும் புரியாது. உங்கள் வீட்டிலோ இன்னும் மோசம்: எந்தக் கோஷம் போட்டாலும் ஒருவர் சிரிப்பார், ஒருவர் முகம் சுருங்கும். "தாத்தா கட்சியா, அப்பா கட்சியா?" என்று ஒரு குழந்தையைக் கேட்பது, யாரை அதிகம் பிடிக்கும் என்று கேட்பதுதான். தயவுசெய்து யாரையும் அப்படிக் கேட்க விடாதீர்கள். யாராவது கேட்டால் நீங்களே முந்திக்கொண்டு, "அவளுக்கு ஓட்டு வரட்டும், அப்புறம் அவளே முடிவு பண்ணுவா" என்று சொல்லிவிடுங்கள்.

கட்சிக் கூட்டத்துக்கும் இதுதான் என் பதில்: வேண்டாம். உங்கள் கணவருக்குத் தான் நம்புகிற ஒன்றை மகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை இருப்பது புரிகிறது, அதில் தவறில்லை. ஆனால் கூட்டத்தில் ஆறு வயதுக் குழந்தையின் கண் உயரத்துக்குத் தெரிவது பெரியவர்களின் இடுப்பும் கையும்தான். மேடை தெரியாது, பேச்சு புரியாது, ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். நெரிசல் வந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது சின்னப் பிள்ளைகள். கையில் கொடியோடு எடுக்கும் போட்டோ பல வருஷம் இணையத்தில் கிடக்கும். அவள் வளர்ந்து வேறு மாதிரி நினைத்தாலும் அது அவளைத் தொடரும். மகளோடு அரசியல் பேசும் சந்தோஷத்தை அவர் இழக்கப் போவதில்லை, சில வருஷம் கழித்து அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

இனி அந்த இரண்டு பேர். அவர்களை அடக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அடக்கப் போனால் நீங்கள் மூன்றாவது கட்சி ஆகிவிடுவீர்கள். விவாதம் சூடாக இருக்கும்போது எதுவும் சொல்லாதீர்கள். டிவி ஓடாத நேரமாகப் பார்த்து, இருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். "நீங்க சத்தம் போடறதாலதான்" என்று ஆரம்பிக்காமல், மகள் கேட்டதை மட்டும் அவள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மாமனாரிடம், "மாமா, நேத்து ராத்திரி பாப்பா கேட்டா, அவங்க ஜெயிச்சா நாம வீட்டை விட்டுப் போயிடணுமான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்களே அவகிட்ட சொன்னா நம்புவா" என்று சொல்லிப் பாருங்கள். குறை சொன்னால் எதிர்த்து வாதிடுகிறவர்கள்கூட, பேத்தி பயந்திருக்கிறாள் என்றால் குரலை இறக்கிவிடுவார்கள். கணவரிடமும் அப்படியே. யார் கொள்கை சரி என்ற பேச்சுக்குள் மட்டும் போய்விடாதீர்கள்.

அவர்களிடம் நான் கேட்கச் சொல்வது அதிகம் இல்லை. குழந்தைகள் விழித்திருக்கும்வரை விவாத நிகழ்ச்சி வேண்டாம். யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தாலும் டிவி குழந்தையைப் பாதிக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை வைத்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்று அறையில் ஓடியபோது, அதை அதிகம் கவனிக்காத குழந்தைகளின் விளையாட்டுகூட அடிக்கடி அறுந்துபோனது தெரிந்தது. உங்கள் சின்னவன் வயது அதுதான். அடுத்தது, கட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கட்டும், அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களை முட்டாள், திருடன் என்று குழந்தைகள் காதுபடப் பேச வேண்டாம். தாத்தாவும் அப்பாவும் குழந்தைகள் கண் முன்னால் தினம் ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சின்னவனைக் குளிப்பாட்டுவது, எதுவானாலும் சரி.

அப்படியும் ஒருநாள் குரல் உயரத்தான் செய்யும். அதனால் எல்லாம் கெட்டுவிடாது. பெரியவர்கள் சண்டையைக் குழந்தைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பல வருஷம் ஆராய்ந்தவர் மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர். சண்டை சமாதானத்தில் முடிவதைப் பார்க்கும் குழந்தைகள், பாதியில் நின்றுபோன சண்டையைப் பார்க்கும் குழந்தைகளைவிட மிகக் குறைவாகவே கலங்குகிறார்கள் என்பது அவர் ஆய்வுகள் காட்டிய விஷயம். சமாதானமானதைப் பிறகு எடுத்துச் சொன்னாலும் பலன் இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு: சண்டை கூடத்தில், சமாதானம் கதவுக்குப் பின்னால். காலையில் எல்லோரும் ஒன்றும் நடக்காதது போல் இருப்பார்கள், குழந்தை மட்டும் நேற்றிலேயே நின்றுகொண்டிருக்கும். உங்கள் கணவர் மறுநாள் காலை மகளிடம், "நேத்து நானும் தாத்தாவும் சத்தம் போட்டோம்ல, அப்புறம் பேசிச் சரி பண்ணிட்டோம். தாத்தா நினைக்கிறது வேற, நான் நினைக்கிறது வேற. ஆனா அவர் எங்கப்பா" என்று சொன்னால் போதும். அதை மாமனார் இருக்கும்போதே சொன்னால் இன்னும் நல்லது.

தோழி விஷயத்தில் மகளை வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். முதலில், "நம்ம அப்பாவை யாராவது திருடன்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு நீங்களே அந்தத் தோழியின் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். "எங்க வீட்டுப் பேச்சைக் கேட்டுச் சொல்லிட்டா, தப்பு எங்களோடதுதான்" என்று பெரியவர்கள் பக்கம் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பாதி முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகளும் ஒரு மாலை சேர்ந்து விளையாட ஏற்பாடு செய்யுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சின்னவனின் பயம் வேறு வகை. அவனுக்குக் கட்சியும் தெரியாது, தேர்தலும் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற பெரிய சத்தம்தான் அவன் பிரச்சினை. "இதுக்கெல்லாமா பயப்படறது" என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். பகலில் வண்டி தூரத்தில் வரும்போதே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "அதோ வண்டி வருது பார், மேல ஒரு பெரிய குழாய் இருக்கு, அதிலிருந்துதான் சத்தம். இப்ப கிட்ட வரும், அப்புறம் தூரமாப் போயிடும்" என்று காட்டுங்கள். போன பிறகு கையசைத்து அனுப்பி வையுங்கள். எங்கிருந்து வருகிறது, எப்போது போகும் என்று தெரிந்த சத்தம் பாதிப் பயத்தைக் குறைத்துவிடும். தெருப் பக்க அறையில் தூங்குகிறான் என்றால் தேர்தல் முடியும்வரை உள் அறைக்கு மாற்றுங்கள். தூக்கத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்: மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரம் தேவை. உங்கள் மகளின் எரிச்சலில் ஒரு பங்கு தூக்கக் குறைவாகவும் இருக்கலாம். உங்கள் பகுதியில் ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு இருந்து, அதை மீறுகிறார்கள் என்றால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

அரசியலை மறைக்க வேண்டாம் என்றேன், அப்படியானால் என்னதான் சொல்லிக் கொடுப்பது? தேர்தல் என்றால் என்ன என்பதை வீட்டிலேயே செய்து காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதா, நூலகத்துக்குப் போவதா என்று ஓட்டெடுப்பு வையுங்கள். சீட்டு, பெட்டி எல்லாம் மகளே செய்யட்டும். எழுதத் தெரியாத சின்னவன் மரம் அல்லது புத்தகம் வரைந்த சீட்டில் ஒன்றைப் போடட்டும். எண்ணுவது தாத்தா. அவளுடைய பக்கம் தோற்றால் கட்டாயம் முகம் வாடும், அழவும் செய்வாள். அப்போது முடிவை மாற்றிவிடாதீர்கள். அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த இடம் ஜெயித்ததோ அங்கேயே போங்கள். தோற்றவர்களும் கூடவே கிளம்பிப் போகிறார்கள், அங்கே போய்ச் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி ஓட்டு உண்டு என்பதை அவள் நேரில் பார்ப்பாள். முடிவு அறிவிக்கும் நாளில் உங்கள் வீட்டில் ஒருவர் சந்தோஷமாகவும் ஒருவர் வருத்தமாகவும் இருக்கப் போகிறார்கள் அல்லவா, அதற்கும் இதுவே ஒத்திகை. அதை முந்தின நாளே அவளிடம் சொல்லியும் வையுங்கள்.

தேர்தல் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் மகள் அதே பயத்தோடு இருந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, காரணம் இல்லாமல் அடிக்கடி வயிற்றுவலி என்றாலோ, சின்னவன் தினமும் இரவில் அழுது எழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ குழந்தைகள் மனநல ஆலோசகரிடமோ காட்டுங்கள்.

கடைசியாக, வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போவது பற்றி. தாராளமாகக் கூட்டிப் போகலாம், மகளை முக்கியமாக. சிறு குழந்தைகளை எதுவரை அனுமதிப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான நேரமாகப் பாருங்கள். சின்னவனை வரிசையில் நிறுத்திப் பாடாய்ப் படுத்த வேண்டாம், முடிந்தால் முறை வைத்து யாராவது அவனோடு வீட்டில் இருங்கள். அங்கே பெரியவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதையும் யாருக்கும் ஒரு ஓட்டுதான் என்பதையும் அவளுக்குக் காட்டுங்கள். மறைப்புக்குப் பின்னால் போய் ஓட்டுப் போடுவது ஏன் என்று கேட்பாள். முன்பெல்லாம் பல இடங்களில் எல்லார் முன்னாலும் வெளிப்படையாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் மிரட்டலுக்கு ஆளானார்கள், 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ரகசிய வாக்குச்சீட்டைச் சட்டமாக்கினார்கள், பிறகு மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். முடிந்தால் அன்றைக்கு உங்கள் கணவரும் மாமனாரும் ஒன்றாகவே கிளம்பட்டும். மகள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.